780 ரூபாய் இடுப்பு பெல்ட்: ஒரு தையல்காரியின் பார்வையில்

மதுரை வில்லாபுரத்தில் வீட்டோடு சேர்ந்த சின்னத் தையல் கடை என்னுடையது. வருஷம் முழுக்க பிளவுஸும் சுடிதாரும் ஓடும். மே கடைசியில் ஆரம்பித்து ஜூலை வரை பள்ளிக்கூட யூனிஃபார்ம். அளவு கொடுக்க வருகிற பெண்களில் பாதிப் பேர், சுவரில் ஆணியில் தொங்குகிற என் இடுப்பு பெல்ட்டைப் பார்த்துவிட்டு, "இது நல்லா கேக்குதாக்கா? எங்க வாங்குனீங்க?" என்று விசாரிக்காமல் போவதில்லை. ஆளாளுக்குச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

வாங்கியது சிம்மக்கல் பக்கம் ஒரு சர்ஜிக்கல் கடையில். பெட்டியில் போட்டிருந்த விலை 950. கேட்டதும் 780க்குக் கொடுத்தார்கள். டாக்டர் சீட்டில் எல்.எஸ். பெல்ட் என்று எழுதுவது இதைத்தான். கம்பெனிப் பெயர் வேண்டாம். கடையில் நாலைந்து கம்பெனி பெல்ட்டைப் பிரித்துப் பார்த்தேன், வெட்டு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தையலில்தான் வித்தியாசம்.

அந்தத் தையலைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. முதுகுப் பக்கம் இரண்டு மடிப்புத் துணிக்கு நடுவில் நான்கு நீள உறைகள் தைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு அலுமினியப் பட்டையைச் செருகியிருக்கிறார்கள். உறையின் மேல் முனையும் கீழ் முனையும்தான் இந்த பெல்ட்டின் உயிர். அந்த இடத்தில் தையலை முன்னும் பின்னும் ஓட்டிப் பூட்டியிருக்க வேண்டும். என்னுடையதில் பூட்டியிருந்தது. விளக்குத்தூண் பக்கம் பிளாட்பாரத்தில் 250 ரூபாய்க்கு வாங்கிய பெல்ட்டை ஒருவர் சரிசெய்யக் கொண்டுவந்தார். ஒற்றைத் தையல், அதுவும் இழுத்தால் வருகிற நூல். பட்டை துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து விலாவில் குத்திக் காயமே ஆகியிருந்தது. வாங்கும்போது அந்த முனைகளை நகத்தால் நெருடிப் பாருங்கள். அப்புறம், அந்தப் பட்டைகள் கையால் வளையக்கூடியவை. உங்கள் முதுகின் வளைவுக்குத் தக்கபடி லேசாக வளைத்துக்கொள்ளலாம். இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

எலாஸ்டிக் நன்றாக இருக்கிறது. ஓரத்துப் பைப்பிங் பிசிறவில்லை. வெல்க்ரோதான் வில்லங்கம். ஒட்டுகிற வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, ஆனால் அதன் முள் பக்கம் சேலையில் பட்டால் நூலை இழுத்துவிடும். சுங்குடி தாங்கும். பட்டும் ஷிஃபானும் தாங்காது. என்னுடைய நல்ல சேலை ஒன்று முந்தானையில் நூல் இழுத்துப் போய்விட்டது, அதை நானே சரிசெய்ய முடியவில்லை. நைட்டியின் மேலோ, உள்ளே பருத்தி பனியன் போட்டு அதன் மேலோ கட்டுங்கள். வெறும் உடம்பில் கட்டினால் மதுரை வெயிலுக்கு அரை நாளில் வேர்க்குரு வந்துவிடும்.

அளவு விஷயத்தில் கடைக்கு மதிப்பெண் கிடையாது. கவுண்டரில் இருந்த தம்பி என்னைப் பார்த்து, "ஜாக்கெட் சைஸ் என்னக்கா?" என்றான். ஜாக்கெட் சைஸுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்? ஆண்களிடம் பேண்ட் சைஸைக் கேட்கிறார்கள். பேண்ட் நிற்பது தொப்புளுக்குக் கீழே, அதுவும் தொப்பை இருக்கிறவர்களுக்கு ரொம்பவே கீழே. பெல்ட் வாங்க, நிமிர்ந்து நின்று, வயிற்றை எக்காமல், தொப்புள் மட்டத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். பெட்டியின் பின்னால் அட்டவணை இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். டேப் எப்போதும் என் கைப்பையில் கிடப்பதால் அங்கேயே எடுத்தேன். 37 அங்குலம் வந்தது, எல் சைஸ். தம்பி எடுத்துவைத்திருந்தது டபுள் எக்ஸ்எல்.

இனி, கட்டினால் எப்படி இருக்கிறது என்பது. நிற்கும்போதும் நடக்கும்போதும் சுகம். சிவகங்கைக்குக் கல்யாணத்துக்கு வேனில் போனபோது கட்டியிருந்தேன், வேகத்தடைகளில் குலுங்கும்போது பிடிமானமாக இருந்தது. யூனிஃபார்ம் துணிக் கட்டுகளை இறக்கும்போதும் கட்டுகிறேன். ஆனால் மெஷினில் உட்கார்ந்தால் கதையே வேறு. பெல்ட் மேலே ஏறி விலாவுக்குக் கீழே அழுத்தும். சாப்பிட்டவுடன் என்றால் நெஞ்சைக் கரிக்கும். உயரம் குறைந்தவர்களுக்கு இன்னும் மோசம். உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள், வேலை நேரத்தில் கட்டலாம் என்று நினைத்து வாங்கினால் பணம் வீண்.

இதுவரை சொன்னது துணியும் தையலும். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிறதே, முதுகுவலி, டிஸ்க் விலகல், தேய்மானம், எல்லாவற்றுக்கும் நிவாரணம் என்று, அங்கேதான் எனக்குச் சண்டை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, தனியாக ஒரு நோய் என்று காரணம் காட்ட முடியாத வலிக்கு என்ன செய்யலாம், என்ன செய்ய வேண்டாம் என்பது அதில் இருக்கிறது. வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்று அது சொன்னவற்றில் இடுப்பு பெல்ட்டும் உண்டு, இடுப்பை இழுத்துக் கட்டுகிற டிராக்‌ஷனும் உண்டு. உடற்பயிற்சியைச் செய்யச் சொல்கிறது. உலகத்தில் 2020இல் மட்டும் சுமார் 61.9 கோடிப் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாம். ஆராய்ச்சிகளைப் பார்த்துவிட்டு அந்த நிறுவனம் சொல்வதைப் பெட்டிக்காரர்கள் கண்டுகொள்ளப் போவதில்லை. எலும்பு முறிவுக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு டாக்டர் எழுதிக் கொடுக்கிற பெல்ட் வேறு கணக்கு, அதை அவர் சொன்னபடி போடத்தான் வேண்டும்.

நான் பெல்ட்டுக்கு முன்னால் டாக்டரிடம் போனேன். யூனிஃபார்ம் சீசனில் வலது பக்க இடுப்பில் ஒரு பிடிப்பு, காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்கவே பக்கத்தில் எதையாவது பிடிக்க வேண்டியிருந்தது. அந்த எலும்பு டாக்டர் தொட்டுப் பார்க்கும் முன்பே கேள்வியாகக் கேட்டார். காய்ச்சல் வருதா, எடை குறைஞ்சிருக்கா, படுத்தாலும் வலி விடாம எழுப்புதா, எங்கேயாவது விழுந்தீங்களா, ஒண்ணுக்குப் போறதுல மாற்றம் இருக்கா, கட்டி கிட்டி வந்து வைத்தியம் பார்த்தது உண்டா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறீங்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அப்புறம் குதிகாலால் நாலு அடி, முன்பாதத்தால் நாலு அடி நடக்கச் சொன்னார். படுக்கவைத்து, முட்டியை மடக்காமல் ஒவ்வொரு காலாகத் தூக்கினார். கடைசியில் கால் பெருவிரலை என் முகத்தைப் பார்த்துத் தூக்கச் சொல்லி, அவர் அதைக் கீழே அமுக்கிப் பார்த்தார். "நரம்பு நல்லா இருக்கும்மா. இது தசைப் பிடிப்பு. படுத்தே கிடக்காதீங்க, முடிஞ்ச அளவுக்கு நடமாடுங்க." சர்க்கரை, பிரஷர், வயிற்றுப்புண், கிட்னி எல்லாம் விசாரித்த பிறகே கொஞ்ச நாளைக்கு வலி மாத்திரை எழுதினார். தூரப் பயணம் என்றால் பெல்ட் போட்டுக்கொள்ளலாம், மற்றபடி அது உங்கள் இஷ்டம் என்றார்.

ஸ்கேன் எழுதவில்லை. வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு அக்கா, "ஸ்கேன்கூட எடுக்கல, அவரெல்லாம் என்ன டாக்டரு?" என்றார். நம் ஊரில் ஸ்கேன் எடுக்காத டாக்டருக்கு மரியாதை கிடையாது. ஆனால் வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளை 2015இல் ஒன்றாகத் தொகுத்திருக்கிறார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்பு டிஸ்க்கில் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி கிடையாது, நினைவிருக்கட்டும். ஆக, என்னை அந்தக் குழாய்க்குள் படுக்கவைத்திருந்தாலும் ஏதாவது ஒரு தேய்மானம், ஒரு பிதுக்கம் என்று ரிப்போர்ட்டில் வந்திருக்கும். அதைப் படித்துவிட்டு நான் குடம் தூக்கக்கூடப் பயந்திருப்பேன். ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாத பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே குறையும். ஆறு வாரம் ஆகியும் குறையவில்லை என்றால் அப்போது மேற்கொண்டு பார்ப்பார்கள்.

கடைக்கு வருகிற பெண்கள் சொல்கிற இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்கள்ல, அதுலேர்ந்துதான்." பிள்ளை கல்லூரிக்குப் போயிருக்கும், இன்னும் ஊசியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருஷக்கணக்காக நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆராய்ச்சிகளில் தெரியவரவில்லை. பிள்ளையைத் தூக்கிச் சுமந்த இடுப்பு, பேறுகாலத்துக்குப் பின் பலப்படுத்தாத வயிற்றுத் தசை, இவற்றை யாரும் திட்டுவதில்லை.

டாக்டர் அனுப்பிய பிசியோதெரபி சென்டரைப் பற்றியும் இங்கேயே சொல்கிறேன், ஏனென்றால் என்னை நிமிர்த்தியது அதுதான். ஒரு தடவைக்கு 300 ரூபாய். குறையை முதலில் சொல்கிறேன். சொன்ன நேரத்துக்குப் போனாலும் முக்கால் மணி நேரம் காக்கவைப்பார்கள். அதுவும் சாயவும் முடியாத மர பெஞ்சில், இடுப்பு வலிக்காரர்களை! கரண்ட் வைக்கிற மெஷினில் படுக்கவைத்தால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், வீட்டுக்கு வருவதற்குள் போய்விடும். டிராக்‌ஷன் கட்டில் ஒன்றும் இருந்தது. எனக்கு வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் அங்கே இருந்த பிசியோதெரபிஸ்ட் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், இரண்டாவது நாளே, "நீங்க தைக்கிறதை யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லிக் கொண்டுவாங்கம்மா" என்றாள். அந்த ஒரு வேலைக்கே 300 ரூபாய் தகும். வீடியோவைப் பார்த்துவிட்டு அடுக்கினாள். மோட்டார் பெடல் வலது ஓரத்தில் கிடக்கிறது, அதனால் உடம்பே வலது பக்கம் சாய்கிறது. இடது காலை ஸ்டூலுக்கு அடியில் மடக்கிவைக்கிறேன். ஸ்டூலுக்குச் சாய்மானம் இல்லை. ஊசியைப் பார்க்கக் குனிந்துகொண்டே இருக்கிறேன். எல்லாம் உண்மை, ஆனால் இத்தனை வருஷத்தில் யாரும் பக்கவாட்டில் நின்று என்னைப் பார்த்ததில்லையே.

பெடலை நடுவுக்குக் கொண்டுவந்தேன். சாய்மானமுள்ள நாற்காலி போட்டு இடுப்பு வளைவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தேன். மெஷின் மேசையின் பின்கால்களுக்கு அடியில் மரத்துண்டு கொடுத்ததில், மேசை என் பக்கம் லேசாகச் சரிந்து ஊசி தானாகவே கண்ணுக்கு வந்தது. தரையில் விரித்துக் குனிந்து வெட்டுவதை நிறுத்திவிட்டு, இடுப்பு உயரத்துக்கு ஒரு கட்டிங் டேபிள் போட்டேன். அவள் சொன்னதிலேயே சாமர்த்தியமானது அயர்ன் பாக்ஸைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்காதீர்கள் என்றதுதான். இப்போது அது அறையின் அந்தக் கோடியில் இருக்கிறது. ஒவ்வொரு தையலுக்கும் மடிப்பு அழுத்த எழுந்து போகவேண்டியிருக்கிறது. முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, வேலையும் தாமதமானது. இடுப்புக்கு அதுதான் மருந்து.

கூடவே கொஞ்சம் பயிற்சி. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது, நாலு காலில் நிற்பது போல் நின்று முதுகை மேலும் கீழும் வளைப்பது, இப்படி. வெள்ளன எழுந்து வாசல் தெளிக்கும் முன் செய்துவிடுவேன். பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டிக்கொண்டே இருந்தால் தசைக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்றும் அவள்தான் எச்சரித்தாள். அதற்கப்புறம்தான் பெல்ட் ஆணிக்குப் போனது. வீட்டை விட்டு வெளியே வரமுடியாத பெரியவர்கள் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள்.

பெல்ட் வாங்கவே கூடாதவர்கள் யார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுத உட்கார்ந்தேன்.

என் நாத்தனார் வீட்டுக்காரர் பேரையூர்ப் பக்கம் டீக்கடை வைத்திருக்கிறார். முதுகுவலி என்று பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு மாதக்கணக்காக டீ ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு விசேஷத்துக்கு வந்தபோது பேண்ட் தொளதொள என்று இருக்கிறது, இடுப்பில் பிடித்துக் கொடு என்றார். இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து அதே பேண்ட், இன்னும் பிடிக்கச் சொல்லி வந்தது. பழைய தையலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சுருக்கென்றது. டயட்டும் இல்லை, நடையும் இல்லை, ஒரு மனுஷனுக்கு இடுப்பு இப்படிக் குறையுமா? போன் போட்டு, "அண்ணே, சாயங்காலம் காய்ச்சல் கீய்ச்சல் அடிக்குதா?" என்றேன். "லேசா அடிக்கும், டீ அடுப்புச் சூடுன்னு நெனச்சேன்" என்றார். ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறது என்பதை நாத்தனார் சொன்னாள்.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அவருக்கு ஸ்கேன் எடுத்தார்கள், எடுக்க வேண்டிய ஆளுக்கு எடுத்தார்கள். முதுகெலும்பில் டிபி. "இருமலே இல்லையே டாக்டர்" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். எலும்பில் வருகிற டிபிக்கு இருமல் இருக்கவேண்டிய அவசியமே இல்லையாம். மாத்திரை அரசாங்கத்தில் இலவசம். ஒரு வருஷத்துக்கும் மேல் விடாமல் சாப்பிட்டார், இப்போது கடையில் நிற்கிறார். இன்னும் கொஞ்ச நாள் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓட்டியிருந்தால் எலும்பு நொறுங்கி நரம்பை அழுத்தி, கால் இரண்டும் போயிருக்கலாம் என்றார்கள். அவருக்கு பெல்ட் விற்ற கடையில் இதில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை போனபோது இன்னும் விலை கூடிய பெல்ட்டைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

ஆகவே வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் விடாமல் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, இவை இருந்தால் சிம்மக்கல்லுக்கு வராதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்னால் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தவர்களும் அப்படியே. வயதான பெண்கள் குளியலறையில் லேசாக வழுக்கி உட்கார்ந்தால்கூட எலும்பு நசுங்கியிருக்கலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ நெடுநாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. இப்படிப்பட்டவர்களைச் சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் நீவவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. எங்கள் அம்மாச்சி ஊரில் இடுப்புப் பிடிப்பு என்றால் காலால் பிறந்தவரைக் கூப்பிட்டு மிதிக்கச் சொல்வார்கள். நல்ல எலும்பு தாங்கும், தேய்ந்த எலும்பு தாங்காது.

விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகக் கிளம்பி அடிவயிற்றுக்கு இறங்குகிற, உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் புரட்டுகிற வலி, கூடவே வாந்தி, சிவப்பாக ஒன்றுக்கு என்றால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். அதற்கு பெல்ட் என்ன செய்யும்? வயசுப் பையன்கள், காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு கட்டைபோல் இறுகி, நடக்க நடக்கச் சரியாகிறது என்றால் அது முதுகெலும்பு வாதமாக இருக்கக்கூடும், அதற்கென்று டாக்டர்கள் இருக்கிறார்கள். பிட்டத்தில் தொடங்கி முட்டிக்குக் கீழே, பாதம் வரை நரம்பு இழுக்கிறது, தும்மினால் மின்சாரம் போல் பாய்கிறது என்றாலும் காட்டிவிடுங்கள். அதுவும் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே ஆறும்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விடியும் வரை காத்திருக்கக்கூடாது. ஒன்றுக்கு வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே கசிவது, மலம் கட்டுப்படாமல் போவது, உட்காருமிடமும் தொடையின் உள்பக்கமும் அந்தரங்க உறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, கால் வலுவிழந்து செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் இருப்பது. கீழ்முதுகில் நரம்புக் கொத்து நசுங்கினால் இப்படி ஆகும். உடனே ஆபரேஷன் செய்தால்தான் மீளும், நேரம் போகப் போக வாய்ப்பும் போகும். பெண்கள் இதை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றாலும் 108ஐக் கூப்பிட்டு பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், திங்கட்கிழமை ஓ.பி. சீட்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

இதில் எதுவும் இல்லை, டாக்டரும் பார்த்துவிட்டார், பஸ் பயணத்துக்கும் பாரம் இறக்கவும் ஒரு பிடிமானம் வேண்டும் என்கிறீர்களா? சரி, வாங்கலாம். தையலுக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம், பெட்டியில் அச்சடித்த வாக்குறுதிக்கு ஒன்று. துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டிவைத்து, கையால் அலசி நிழலில் போடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் மற்றத் துணி நூலெல்லாம் முள்ளில் ஏறிக்கொள்ளும். அயர்ன் செய்யவே கூடாது, எலாஸ்டிக் போய்விடும். கடையில் பில் கேட்டு வாங்குங்கள். துவைக்காமல் இருந்தால் சைஸ் மாற்றித் தருகிறார்கள். மதிய வேளையில் அடைத்திருப்பார்கள், சாயங்காலமாகப் போங்கள்.